அலையாத்திக் காடும் மண்ணிற் சேர்ந்த முதலும்

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே பிச்சாவரம் அலையாத்திக் காடு உள்ளது. நீரோட்டக் கரைகளில் முட்டுவேர் ஊன்றி நிற்பது சுரபுன்னை; அதற்கு உட்புறம் சேற்றின்மேல் மூச்சுவேர்களை நீட்டி வளர்வது வெண்கண்டல். தில்லை மரமும் இங்கு உண்டு. சிதம்பரத்தின் பழம்பெயர் அதனால் வந்தது என்பர்.

இம்மரங்கள் கரியமிலவாயுவை ஏற்று, அதிலுள்ள கரியை மரமாகவும் வேராகவும் ஆக்குகின்றன. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரியே. ஆயினும் பெருஞ்சேமிப்பு மண்ணில்தான் இருக்கிறது. நீர் தேங்கிய சேற்றில் பிராணவாயு புகாமையால், உதிர்ந்த இலையும் இற்ற வேரும் எளிதில் மட்குவதில்லை. இந்து, பசிபிக் சமுத்திரப் பகுதிக் காடுகளை அளந்து 2011-இல் வெளியான ஆய்வு, ஹெக்டேருக்குச் சராசரி 1,023 டன் கரி உண்டெனக் கூறுகிறது. எல்லாக் காட்டிற்கும் இதுவே அளவென நாம் கொள்ளலாகாது. உப்பு மிகுந்த இடத்தில் மரம் குறுகும், கரியும் குறையும்.

முற்காலத்தில் பிச்சாவரத்தில் பகுதி பகுதியாக மரங்களை முற்றிலும் வெட்டினர். வெயில் பட்ட மண் வற்றித் தாழ்ந்தது, அலைநீர் அங்கே தேங்கி உப்பு மிகுந்தது, கன்றுகள் பிழைக்கவில்லை. 1990-களில் வாய்க்கால் வெட்டி, நீர் வந்துபோக வழி செய்து, கன்றுகள் நட்ட பின்னரே காடு தழைத்தது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது அது பின்னிருந்த சிற்றூர்களுக்கு அரணாயிற்று.

சேற்றைக் கிளறினால் சேர்ந்த கரி மீண்டும் வாயுவாகும். ஆதலின், கடலோர அங்கத்தினர்களாகிய நாம் மரத்தை மட்டுமன்றி, வாய்க்காலின் முகத்துவாரம் தூர்ந்துபோகாமலும் காத்தல் வேண்டும்.