எதை முதலில் செய்வது? – கணக்கில் செயல்களின் வரிசை

 

மாலை நேர வகுப்புக்கு வரும் ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர் வீட்டுப்பாட நோட்டைக் காட்டினார். 50 + 3 × 30 என்ற கணக்குக்கு முதலில் 140 என்று எழுதி, பிறகு அதை அழித்துவிட்டு 1,590 என்று எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "அத்தா கடை கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தாங்க, 1,590னு வந்துச்சு" என்றார்.

அவர் முதலில் எழுதியதுதான் சரி. சரியான விடையை அழித்துவிட்டுத் தவறை எழுதியிருக்கிறார்.

கால்குலேட்டர் பழுதாகவில்லை. கடைகளில் உள்ள சாதாரண கால்குலேட்டர், நாம் அழுத்தும் வரிசையிலேயே கணக்குப் போடும். 50ஐயும் 3ஐயும் கூட்டி 53 ஆக்கி, அதை 30ஆல் பெருக்கிவிடும். அதே கணக்கைச் செல்போனில் போட்டால் பெரும்பாலும் 140 என்றே காட்டும்.

இதையே கடைக் கணக்காகப் பாருங்கள். சர்க்கரை 50 ரூபாய். பால் 3 பாக்கெட், ஒன்று 30 ரூபாய். மொத்தம் எவ்வளவு? எந்தக் கடைக்காரரும் 1,590 ரூபாய் கேட்கமாட்டார். பாலுக்கு 90, சர்க்கரைக்கு 50, ஆக 140 என்பார். பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான்.

காரணம் என்ன?

3 × 30 என்பது 30 + 30 + 30 என்பதன் சுருக்கம். அதாவது, பெருக்கல் என்பது கூட்டலைக் கட்டி வைத்த ஒரு கட்டு. கட்டை அவிழ்த்த பிறகுதான் மற்றதோடு கூட்ட முடியும்.

அடுக்கும் அப்படித்தான். 3² என்பதில் 3 அடிமானம், அதன் மேல் சிறிதாக எழுதிய 2 அடுக்கு. 3ஐ இரண்டு முறை எழுதிப் பெருக்கு என்பது இதன் பொருள்: 3 × 3 = 9. பல பிள்ளைகள் 3 × 2 = 6 என்று எழுதிவிடுகிறார்கள். 2³ என்றால் 2 × 2 × 2 = 8; ஆறு அல்ல.

கூட்டலைக் கட்டினால் பெருக்கல். பெருக்கலைக் கட்டினால் அடுக்கு. ஆகவே அடுக்கை முதலில் அவிழ்க்க வேண்டும், பிறகு பெருக்கல், பிறகு கூட்டல். 2 × 3² என்பது 2 × 9 = 18. இதை 6² என்று எடுத்து 36 என்று எழுதுவது தவறு. 36 வேண்டுமென்றால் (2 × 3)² என்று அடைப்புக்குறி போட வேண்டும். "இதை முதலில் செய்" என்று சொல்வதற்காகவே அடைப்புக்குறி இருக்கிறது.

வரிசை

1. அடைப்புக்குறிக்குள் இருப்பது
2. அடுக்கு
3. வகுத்தலும் பெருக்கலும்
4. கூட்டலும் கழித்தலும்

பள்ளியில் இதைத்தான் 'பிட்மாஸ்' என்று சொல்லித் தருகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தால் ஒரு தவறு வரும். அதில் கூட்டல் முன்னும் கழித்தல் பின்னும் வருவதால், எப்போதும் கூட்டலையே முதலில் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். அப்படி அல்ல. கூட்டலும் கழித்தலும் சமம். இடமிருந்து வலமாக, எது முன்னால் வருகிறதோ அதைச் செய்ய வேண்டும். 10 − 4 + 3 என்பது 9, மூன்று அல்ல. வகுத்தலும் பெருக்கலும் அப்படியே: 24 ÷ 4 × 2 = 12.

ஒரு முழுக் கணக்கு

60 − (2 + 3)² × 2 + 8 ÷ 4

அடைப்புக்குறி: 60 − 5² × 2 + 8 ÷ 4
அடுக்கு: 60 − 25 × 2 + 8 ÷ 4
பெருக்கல், வகுத்தல்: 60 − 50 + 2
இடமிருந்து வலம்: 10 + 2 = 12

ஒரு வரியில் ஒரு படி மட்டும் செய்து, மீதியை அப்படியே கீழே இறக்கி எழுதும் பழக்கம் வந்துவிட்டால் தவறு பெருமளவு குறையும்.

பெற்றோர் கவனத்திற்கு

அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள், தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வை எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். தேர்வு பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். இத்தகைய தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் முக்கியம். தெரிந்த கணக்கை வரிசை மாற்றிச் செய்து அதை இழக்க வேண்டாம்.

வீட்டில் பிள்ளையின் விடையும் கால்குலேட்டரின் விடையும் வேறுபட்டால், உடனே அழிக்கச் சொல்லாதீர்கள். "எதை முதலில் செய்தாய், ஏன்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே சரியும் தவறும் தெரிந்துவிடும்.

பயிற்சி

1) 7 + 6 × 5
2) 36 ÷ 6 × 3
3) 5 × 2³
4) (8 − 5)² + 1
5) 20 − 8 + 2

விடைகள்: 1) 37 2) 18 3) 40 4) 10 5) 14