நீலக்குறியை எண்ணுங்கள், விற்பனை புரியும்!

தென்னேரி ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்குதுன்னு பார்த்துத்தானே நாற்று விடுகிறோம்? வாட்ஸ்அப்பில் பொருள் விற்பதும் அப்படித்தான். கணக்குப் பார்க்காமல் மசாலாத்தூள் அரைத்துக் குவித்தால் தூள் வீணாகும். ஆனால் கடன் தவணை காத்திருக்காது.

2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், அனுப்பியது எத்தனை, போய்ச் சேர்ந்தது எத்தனை, படித்தது எத்தனை என்று பார்க்கலாம். 50 பேருக்கு 'பிராட்காஸ்ட்' அனுப்பியதாக வைத்துக்கொள்வோம்.

1. 20 பேருக்குத்தான் சேர்ந்ததா? நம் எண்ணைத் தங்கள் போனில் பதிந்தவர்களுக்கே பிராட்காஸ்ட் போகும். பாக்கெட்டில் எண்ணை அச்சிட்டு, பதியச் சொல்லுங்கள்.

2. சேர்ந்தும் படிக்கவில்லையா? நேரத்தை மாற்றி அனுப்பிப் பாருங்கள். சிலர் நீலக்குறி தெரியாதபடி வைத்திருப்பார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

3. படித்தும் விசாரிக்கவில்லையா? எடை, விலை, தயாரித்த தேதி எழுதினீங்களா?

4. விசாரித்தும் வாங்கலையா? ஏன்னு அவங்களையே கேளுங்க.

ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எதனால் விற்றது என்று தெரியும். இந்த எண்ணிக்கைகளை நோட்டில் எழுதி, குழுக் கூட்டத்தில் படியுங்கள். சேமிப்புக் கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய விஷயமா?