மீன் கணக்கெழுதும் தம்பிக்கு



இராமேசுவரம் துறையிலும் பாம்பன் கரையிலும் வந்திறங்கும் மீனைக் கணக்கெடுக்கும் உத்தியோகம் உனக்குக் கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971 வரை மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது என்பதால், இக்கணக்கு உன் ஊர்ப்பக்கத்துக்குப் புதியதன்று. இந்த வேலைக்கு வேண்டிய நிகழ்தகவைப் பற்றி முதலில் எந்த நூலைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். நூல்கள் இருக்கட்டும், ஒரு ரூபாய் நாணயத்தைக் கையில் எடு.

நேர், நிரை என்னும் இரண்டே அசைகளைக் கொண்டு ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு என்று நம் இலக்கண ஆசிரியர்கள் வகுத்தார்களே, பூவா தலையா என்று நாணயத்தை இருமுறை, மும்முறை, நான்குமுறை சுண்டினால் அமையக்கூடிய வரிசைகளின் தொகையும் அதுவேதான். ஆகவே நான்கு முறையும் தலையே விழுவது பதினாறில் ஒன்று. தலை, பூ, பூ, தலை என்று அதே ஒழுங்கில் விழுவதும் பதினாறில் ஒன்றுதான். முன்னது அதிசயமாகவும் பின்னது சாதாரணமாகவும் தோன்றுவதற்குக் காரணம், இரண்டு தலையும் இரண்டு பூவுமாக அமையும் வரிசைகள் ஆறு இருப்பதால், அவற்றுள் ஒன்றைத் தனியே பார்க்காமல் ஆறையும் ஒன்றாகவே நம் மனம் எண்ணிவிடுவதுதான். இன்னொன்றையும் கவனி. வரிசைகளின் தொகை சீருக்கும் நாணயத்துக்கும் ஒன்றே எனினும், எல்லா வரிசைகளும் சமமாக வரும் என்னும் நியதி நாணயத்துக்கு மட்டுமே உரியது. புலவன் அசைகளைச் சுண்டிப் போட்டுப் பாடுவதில்லை. (இக்காலக் கவிஞர் சிலரைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு, அது வேறு விஷயம்.)

நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. பத்து முறை தலையே விழுந்த பின்னும் பதினோராம் முறை தலை விழும் வாய்ப்பு பாதிதான். நூறு முறை சுண்டினால் எங்கேனும் ஓரிடத்தில் ஒரே முகம் ஆறு முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து விழுவதற்கு ஐந்தில் நான்கு பங்கு வாய்ப்புண்டு. சுண்டாமலே மனத்தால் கற்பித்து எழுதுகிறவன் அத்தனை நீண்ட தொடரை எழுதத் துணியமாட்டான் என்பதாலேயே அவன் பொய் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்த கெரிச் என்னும் கணித ஆசிரியர், பொழுதைக் கழிக்க 10,000 முறை நாணயம் சுண்டி, 5,067 தலைகளைக் கண்டார். மிகுந்துபோன அந்த 67 தலைகளுக்கு ஈடுகட்டும் பொறுப்பு எந்த நாணயத்துக்கும் இல்லை. சுண்டுதல் பெருகப் பெருக, விகிதத்தில் அம்மிகுதி கரைந்துபோகுமே தவிர, கடன்போல் திருப்பித் தீர்க்கப்படுவதில்லை.

இதை உணராத பேச்சை நீ கரையிலே அடிக்கடி கேட்பாய். 1964 டிசம்பர் 22, 23 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் தனுஷ்கோடியையும் அதை நோக்கிச் சென்ற ரயிலையும் கடல் கொண்ட பிறகு, “அது நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற புயல், இனி நம் காலத்தில் வராது” என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட புயல் என்றால், ஒவ்வோர் ஆண்டும் நூறில் ஒரு பங்கு வாய்ப்புள்ள புயல் என்றே பொருள். முப்பது ஆண்டு நிற்கப்போகும் வீட்டை அது ஒருமுறையேனும் தாக்குவதற்கு நூறில் 26 பங்கு வாய்ப்பிருக்கிறது.

ஆனால் மீன் நாணயமன்று. உன் தொழிலின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. நாலு நாள் பாடு (வலையில் மீன்) இல்லை, இன்று எப்படியும் கிடைக்கும் என்று வலை ஏற்றுகிறவரும் தவறுகிறார். நேற்றைய பாட்டுக்கும் இன்றைய பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நாணயக் கணக்கை அப்படியே கொண்டுவந்து போடும் படித்தவரும் தவறுகிறார். வாடைக் காற்றும் கச்சான் காற்றும், நிலவின் வளர்பிறை தேய்பிறையும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும் 61 நாள் தடையும் ஒரு நாளை மறுநாளோடு பிணைத்துவிடுகின்றன. அந்தப் பிணைப்பை உன்னால் அறுக்க முடியாது. உன் வசத்தில் இருப்பது, எந்த நாளில் எந்தத் துறைக்குப் போய் எந்தப் படகை எண்ணுவது என்னும் தேர்வு ஒன்றுதான். சுண்டுதலை அங்கே வை. விசைப்படகு போகும் நாளும் நாட்டுப்படகு போகும் நாளும் வேறுவேறாக இருக்கிற இக்கரையில், உனக்குச் சௌகரியமான ஒரே கிழமையில் போய் எண்ணினால், ஒரு சாராரின் பாட்டை ஊரார் அனைவரின் பாடாக எழுதிவிடுவாய். பழகிய சம்மாட்டியின் படகையே நாடிச் செல்வதும், கூடை நிறைந்த படகைக் கண்டதும் கால் தானாக அந்தப் பக்கம் போவதும் இதே வகையைச் சேர்ந்த குற்றங்கள்தாம்.

சீட்டுக் குலுக்கி நாளைத் தேர்ந்தெடு. ஐப்பசி மழையில் மூன்று வாரமும் தொடர்ந்து உனக்கு வேண்டாத நாளே வந்து விழுந்தால், சீட்டில் ஏதோ பிசகு என்று மறுபடி குலுக்க மனம் வரும்; குலுக்காதே. குறிப்பேட்டை நனையாமல் பையிலிட்டுக்கொண்டு, விடியுமுன் துறைக்குப் போய்ச் சேர். வெறுங்கையோடு திரும்பிய படகுக்கும் ஒரு வரி ஒதுக்கிச் சுழி போட்டு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்