@ குறியும் பிழைச்செய்தியும்

தில்லை நகர், திருச்சி

அன்புள்ள தம்பிக்கு,

எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் நிபந்தனைக்கு முன்னால் @ குறி எதற்கு என்று நீயும் நண்பர்களும் ராத்திரி முழுக்க வாதாடியதாக எழுதியிருந்தாய். வாதாட வேண்டிய விஷயம்தான். முத்தையா அண்ணாமலை 2007இல் தொடங்கிய அந்த மொழி, நாம் பேசும் வரிசையை விட்டுக்கொடுக்கவில்லை. '@(மதிப்பெண் >= 35) ஆனால்' என்று நிபந்தனை முன்னே வருகிறது, கட்டளைச்சொல் பின்னே வருகிறது. வரப்போவது நிபந்தனை என்பதை அந்தக் குறி முதலிலேயே சொல்லிவிடுகிறது. தமிழ் வரிசைக்காக ஒரு குறியைக் கூடுதலாகத் தட்டலாம். எனக்கு அதில் குறையில்லை.

ஆனால் அந்தக் குறியை மறந்த பிள்ளைக்குத் திரையில் என்ன செய்தி வரும்? உன் நீண்ட கடிதத்தில் இந்தக் கேள்வி மட்டும் இல்லை.

பைத்தானைப் பார். அடைப்புக்குறியை மூடாமல் விட்டால், பல காலம் அது அடுத்த வரியைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது. அடைப்புக்குறி மூடும்வரை பைத்தான் வரிமுடிவைப் பொருட்படுத்தாது. அடுத்த கூற்றுக்குப் போன பிறகுதான் இடறும். 'தொடரியல் தவறு' என்பதற்கு மேல் ஒரு விளக்கமும் இருக்காது. பிள்ளைகள் சரியாக இருக்கும் வரியைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 2020இல் 3.9 பதிப்பில் நிரலைப் பிரித்துப் படிக்கும் பார்சரையே மாற்றினார்கள். அதன் பலனாக 2021 அக்டோபரில் வந்த 3.10, திறந்த குறியையே சுட்டிக்காட்டி, இது மூடப்படவில்லை என்றது. பாப்லோ கலிந்தோ சல்காதோ முன்னின்று செய்த வேலை. அந்தப் பதிப்பின் புது வசதிகளைவிட என் வகுப்புக்கு அதிகம் உதவியது இந்த ஒரு வரிதான்.

லால்குடியிலிருந்தும் முசிறியிலிருந்தும் இங்கே படிக்க வருகிறவர்களை நினைத்துப் பார். தமிழ்வழி பிளஸ் டூ பாடநூல் பைத்தானைத் தமிழில் விளக்குகிறது. பிழைச்செய்தியோ ஆங்கிலத்தில் வருகிறது. பலர் அதைப் படிப்பதே இல்லை. சிவப்பு எழுத்தைக் கண்டதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தட்டுகிறார்கள். வேர்டில் தட்டிய நோட்ஸிலிருந்து நிரலை நகலெடுத்தால் மேற்கோள்குறி வளைந்து வந்துவிடும், பைத்தான் ஏற்காது. எந்த எழுத்து ஒவ்வாதது என்று செய்தியிலேயே இருக்கும். அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் பயம் போய்விடுகிறது.

அடுத்த முறை வாதாடும் முன், புதிதாகப் படிக்கும் ஒருவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து பார். அவர் எங்கே நிற்கிறார், எந்தச் செய்தியைப் பார்த்து முழிக்கிறார் என்று குறித்துக்கொள். எழிலின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. @ விடுபட்டால் என்ன செய்தி வருகிறது என்று ஓட்டிப் பார். புரியாதபடி இருந்தால், எந்த வரியில் என்ன விடுபட்டது என்று நல்ல தமிழில் நீயே எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்