ஓர் இரவுக்கு எவ்வளவு சுமை?

தம்பிக்குப் பெரியப்பா எழுதுவது.

மிதிவண்டியில் சென்று ஓர் இரவு வெளியில் தங்கித் திரும்பத் தேவையானவை என்று தம்பி எழுதி அனுப்பிய பட்டியல் ஒரு மாதப் பயணத்துக்கே போதுமானது. ஆனால் எங்கே தங்குவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, தங்கும் இடத்தில் குடிநீர் கிடைக்குமா என்ற மூன்று செய்திகளும் அதில் இல்லை. இத்தகைய பயணத்தில் இடமே முதலில் முடிவாக வேண்டும். இடம் முடிவானால் தொலைவும் இரவின் குளிரும் தாமாகத் தெரிந்துவிடும். அவை தெரிந்த பிறகு எழுதப்படும் பட்டியல் இப்போதுள்ளதில் பாதிகூட இராது.

மிதிவண்டியோடு கூடாரத்தையும் கொண்டுசெல்லும் வழக்கம் நூற்றாண்டு கடந்தது. லண்டனில் தையல் தொழில் நடத்திய தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்பவர் அயர்லாந்தின் கானமாரா பகுதியில் நண்பர்களுடன் மிதிவண்டியில் சுற்றி முகாமிட்டு, அந்த அனுபவத்தை 1898இல் நூலாக வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாக 1901இல் மிதிவண்டி முகாமினருக்கென ஒரு சங்கமும் இங்கிலாந்தில் தோன்றியது. துணியின் எடையும் தையலின் வலிமையும் அறிந்தவர் என்பதால், வண்டியில் கட்டிச் செல்லத்தக்க மெல்லிய கூடாரங்களை அவரே வடிவமைத்துக்கொண்டார். அண்மைக் காலத்தில், கலிபோர்னியாவின் வால்நட் கிரீக் நகரில் ரிவெண்டெல் என்ற மிதிவண்டி நிறுவனத்தைத் தொடங்கிய கிராண்ட் பீட்டர்சன், இதன் மிகச் சிறிய வடிவத்துக்கு ‘எஸ்24ஓ’ என்று பெயரிட்டார். 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இரவுப் பயணம் என்பது அதன் பொருள். மாலையில் கிளம்பி, அருகிலேயே ஓரிடத்தில் உறங்கி, மறுநாள் காலையில் வீடு திரும்புவதே அதன் முழு இலக்கணமாகும். இதற்கு அலுவலக விடுப்பு வேண்டியதில்லை என்பதைக் காட்டிலும், எது தவறினாலும் வீடு மூன்று மணி நேரத் தொலைவிலேயே இருக்கிறது என்பதே இவ்வடிவத்தின் பெரிய வசதி. ஆகவே ஆளில்லாக் காட்டில் வாரக்கணக்கில் அலைபவர் சுமக்கும் மாற்றுப் பொருட்கள் எவையும் இங்கே தேவைப்படுவதில்லை.

தம்பி இப்போது வசிக்கும் வாஷிங்டன் நகரமோ இத்தகைய பயணத்துக்கு அமெரிக்காவிலேயே மிக வாய்ப்பான ஊர்களுள் ஒன்று. நகரின் ஜார்ஜ்டவுன் பகுதியில் தொடங்கி, பொடோமாக் ஆற்றை ஒட்டி மேரிலாந்தின் கம்பர்லாந்து வரை 184.5 மைல், அதாவது ஏறத்தாழ 297 கிலோமீட்டர், செல்கிறது செசபீக் அண்டு ஒஹையோ கால்வாய். 1828இல் வெட்டத் தொடங்கி 1850இல் கம்பர்லாந்தை எட்டிய இக்கால்வாயில், கரையிலிருந்து கோவேறு கழுதைகள் கயிற்றால் படகுகளை இழுத்துச் சென்றன. 1924இன் வெள்ளத்துக்குப் பின் படகுப் போக்குவரத்து நின்றுபோயிற்று. அக்கழுதைகள் நடந்த கரைப்பாதைதான் இன்று மிதிவண்டிப் பாதை. இதன் மீது மோட்டார் சாலை அமைக்கும் திட்டம் எழுந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் 1954இல் பத்திரிகையாளர்களை அழைத்துக்கொண்டு இப்பாதை நெடுகிலும் நடந்து எதிர்ப்புத் தெரிவித்தார்; 1971இல் கால்வாய் முழுவதும் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆயிற்று. ஒரு நீதிபதியின் நடைப்பயணம் காப்பாற்றிய பாதை என்று இதைச் சொல்வது மிகையாகாது.

சுமையேற்றிய வண்டிக்கு இப்பாதை ஏற்றது என்பதற்குக் காரணம் அதன் சரிவில் இருக்கிறது. கால்வாயில் நீர் ஓடாமல் நிற்க வேண்டுமாதலால், தரை உயரும் இடங்களில் எல்லாம் படகை ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு ஏற்றும் நீரடைப்புகள் கட்டப்பட்டன. அவை மொத்தம் 74. உயரம் முழுவதும் அந்த 74 இடங்களில் அடங்கிவிடுவதால், இடைப்பட்ட பாதை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கே ஏறுகிறது. மைல்கள் ஜார்ஜ்டவுனிலிருந்து எண்ணப்படுகின்றன. நடப்பவருக்கும் மிதிவண்டியாளருக்கும் மட்டுமே உரிய கட்டணமற்ற முகாமிடங்கள் பாதையோரம் சில மைல்களுக்கு ஒன்றாக உள்ளன. அவற்றில் மேசையும், அடுப்புக் குழியும், தற்காலிகக் கழிப்பறையும், கையால் அடிக்கும் குடிநீர்ப் பம்பும் இருக்கும். முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கே இடம். ஓர் இடத்தில் ஓர் இரவுக்கு மேல் தங்கக் கூடாது.

முதல் பயணத்துக்கு 26ஆம் மைலை ஒட்டிய ஹார்ஸ்பென் பிராஞ்ச் முகாமிடம் பொருத்தமானது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தொலைவைச் சுமையுடன் நிதானமாக மிதித்தால் மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம். மே மாதக் கடைசியில் சூரியன் எட்டரை மணிக்குச் சற்று முன்பே மறைகிறது என்பதால், பிற்பகல் நான்கு மணிக்குக் கிளம்புபவர் வழியில் கிரேட் ஃபால்ஸ் அருவியைப் பார்த்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் அடித்துவிட முடியும். இன்னும் மேலே சென்று தங்க ஆசைப்படுபவர் ஒன்றை நினைவில் கொள்வது நல்லது. பாயிண்ட் ஆஃப் ராக்ஸ் ஊரை ஒட்டிய பகுதியில் ஆறு, கால்வாய், இருப்புப்பாதை மூன்றும் நெருங்கி ஓடுகின்றன. சரக்கு ரயில்கள் இரவு முழுவதும் ஊதிக்கொண்டே செல்லும். ரயில் சத்தத்தில் உறங்கிப் பழகியவருக்கு மட்டுமே அங்குள்ள முகாமிடங்கள் உகந்தவை.

இனிப் பொருட்கள். பட்டியலில் மிக விலை உயர்ந்ததாக ஒரு கூடாரமும், மிக மலிவானதாக ஒரு பாயும் இடம்பெற்றுள்ளன. இவ்வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் கருத்து. வெளியில் உறங்குபவர் வெப்பத்தை இழப்பது பெரும்பாலும் காற்றின் வழியாகத்தான் என்று புதியவர் நினைக்கிறார். உண்மையில் தரை அதைவிட விடாப்பிடியாக வெப்பத்தை உறிஞ்சுகிறது. உறக்கப்பை என்பது திணிப்பு வைத்துத் தைத்து உடலை முழுதும் மூடும் பை. அத்திணிப்புக்குள் அடைபட்டு அசையாமல் நிற்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறதே அன்றி, இறகோ பஞ்சோ தானாக வெப்பம் தருவதில்லை. படுத்தவரின் எடையால் முதுகுக்குக் கீழே உள்ள திணிப்பு நசுங்கி, அங்கிருந்த காற்று வெளியேறிவிடுகிறது. எனவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையாயினும் அடிப்பக்கம் வெறும் துணிக்குச் சமமாகிவிடும். அந்தக் குறையை நிரப்பும் வேலை பாயினுடையது.

பாயின் தடுப்பாற்றலை ‘ஆர் மதிப்பு’ என்ற எண்ணால் குறிக்கிறார்கள். எண் கூடக்கூட வெப்பம் தரைக்குள் கசிவது குறையும். முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அளந்து வந்த இம்மதிப்புக்கு 2018இல் பொதுத் தரநிலை ஒன்று வகுக்கப்பட்டதால், இப்போது இரு நிறுவனங்களின் பாய்களை எண்ணை வைத்தே ஒப்பிட முடிகிறது. கோடை இரவுக்கு 2 போதும். பொடோமாக் பள்ளத்தாக்கின் அக்டோபர் கடைசி இரவுக்கு 4 அளவில் இருந்தால் நிம்மதி. நீர் புகாத மூடிய குமிழ்களால் ஆன மடிப்பு நுரைப்பாய் ஏறக்குறைய 2 மதிப்புள்ளது, அரைக் கிலோவுக்கும் குறைவான எடையுள்ளது, முள் குத்தினாலும் கெடாதது. காற்றடைத்த பாய் மென்மையானது, மடித்தால் சிறியது. ஆனால் நள்ளிரவில் காற்று இறங்கிவிட்டால் அது மெழுகுத் துணியைவிட மேலானதன்று. ஒரே இரவுக்குச் செல்பவர் நுரைப்பாயைத் தேர்ந்தெடுத்து, பணத்தை மிச்சப்படுத்துவதே அறிவுடைமை.

உறக்கப்பையின் மீது அச்சிட்டிருக்கும் வெப்பநிலையும் விளக்கம் வேண்டுவது. சர்வதேசத் தரநிலை தரும் எண்களுள் இரண்டு கவனிக்க வேண்டியவை: பெண் ஒருவர் தளர்வாகப் படுத்துக் குளிரின்றி உறங்கத்தக்க நிலை ‘வசதி’ எண், ஆண் ஒருவர் உடலைச் சுருட்டிக்கொண்டு எட்டு மணி நேரத்தைக் கடத்தத்தக்க நிலை ‘கீழ் எல்லை’ எண். இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் ஐந்தாறு டிகிரி வேறுபாடு இருக்கும். பல பைகளின் பெயரில் பெரிய எழுத்தில் நிற்பது கீழ் எல்லையே என்பதால், அதை நம்பி வாங்குபவர் விடியும் வரை விழித்திருக்க நேரும். எதிர்பார்க்கும் இரவின் குளிரை ‘வசதி’ எண்ணோடு ஒப்பிட்டு வாங்குவதே முறை. இறகுப் பை எடை குறைந்தது, ஆனால் நனைந்தால் துவண்டு பயனற்றுப் போகும். ஆற்றோரத்தில் பனியும் ஈரமும் மிகுதி என்பதால் செயற்கைப் பஞ்சுப் பையே அங்கு நம்பகமானது. மே முதல் செப்டம்பர் வரை ஒரு மெல்லிய போர்வையே போதுமானதாகப் பல இரவுகள் அமையும்.

கூடாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உட்புறம் கொசுவலையும் வெளிப்புறம் மழைத்துணியுமாக இரு அடுக்குள்ளது வேண்டும். ஒற்றை அடுக்குள்ளதில் மூச்சுக்காற்றின் ஈரம் துணியில் படிந்து சொட்டும். இரண்டு கிலோ எடைக்குள் அடங்கும் எதுவும் சரிதான்; நண்பரிடம் இரவல் கிடைத்தால் அதைவிடச் சரி.

வண்டிக்காகப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. பின்சக்கரத்தின் மேல் உறுதியான கேரியர் ஒன்று இருந்து, டயரின் அகலம் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால், அலுவலகத்துக்கு ஓட்டும் வண்டியே போதும். கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளைப் பன்னியர் என்பார்கள். கனமானவற்றை அவற்றின் அடியில், இருபுறமும் எடை சமமாக வரும்படி வைத்து, கூடாரத்தையும் பாயையும் கேரியரின் மேல் நீளவாக்கில் கட்ட வேண்டும். முதுகில் பை சுமந்து மிதிப்பவருக்குத் தோளும் பிட்டமும் சேர்ந்து வலிக்கும் என்பதோடு, எடை உயரத்தில் நிற்பதால் வண்டியும் தள்ளாடும். கொக்கி வைத்த ரப்பர் கயிறுகளைவிட, இழுத்துப் பூட்டும் நைலான் பட்டைகள் பாதுகாப்பானவை. நழுவிய கயிறோ தொங்கும் பட்டை நுனியோ சக்கரக் கம்பிகளில் சிக்கினால் வண்டி அந்த இடத்திலேயே நின்று ஓட்டுபவரைக் கீழே தள்ளும். கிளம்புவதற்கு முந்தைய நாள் முழுச் சுமையுடன் தெருவில் இரண்டு சுற்று வந்து, மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா, பிரேக் முன்போல் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்வது கட்டாயம். மாற்று டியூப் இரண்டு, டயர் கழற்றும் நெம்பி, பஞ்சர் ஒட்டும் பொருட்கள், பம்ப், திருகுகளுக்குப் பொருந்தும் சாவிகள், முன்னும் பின்னும் விளக்கு ஆகியவற்றோடு பழுதுப் பை நிறைந்துவிடும். ஆனால் பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றும் கைப்பழக்கம் வீட்டிலேயே வந்திருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் கரைப்பாதையின் களிமண் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் அடைத்துக்கொள்ளும் என்பதால், கனமழைக்குப் பின் ஓரிரு நாள் பொறுப்பது நலம்.

சமையல் பாத்திரங்களுக்கெனப் பட்டியலில் ஒதுக்கிய அரைப்பக்கத்தை அடித்துவிடலாம். இரவுக்குப் புளியோதரை, காலைக்கு ரொட்டியும் பழமும் என்று கட்டிக்கொண்டால் அடுப்பே வேண்டியதில்லை. காலையில் காப்பி இல்லாமல் முடியாது என்பவர் மட்டும் சிறு கேஸ் அடுப்பும் ஒரு பாத்திரமும் எடுத்துக்கொண்டு, அதை எக்காரணம் கொண்டும் கூடாரத்துக்குள் மூட்டாமல் இருக்க வேண்டும். மூடிய இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமற்றது, உயிரைக் கொல்வது. இரவில் ரக்கூன்கள் உணவு தேடி வரும் என்பதால் எஞ்சிய உணவைக் கூடாரத்துக்குள் வைக்காமல் மரக்கிளையில் தொங்கவிடுவதும், பூங்காவில் குப்பைத் தொட்டிகளை எதிர்பாராமல் குப்பையைத் திரும்ப எடுத்து வருவதும் அங்குள்ள நடைமுறை.

பாம்பைப் பற்றித் தம்பி கேட்டிருக்கும் அளவுக்கு உண்ணியைப் பற்றிக் கேட்கவில்லை. லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி மேரிலாந்தின் புல்வெளியிலும் சருகிலும் இயல்பாக வாழ்வது; கசகசாவின் அளவே உள்ள அதன் இளம் பருவத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். பெர்மெத்ரின் மருந்து தெளித்த காலுறைகளை அணிந்து, வீடு திரும்பியதும் குளித்து, முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், தலைமுடி ஆகிய இடங்களைத் தேடிப் பார்த்து, கடித்திருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். வட்டமாகப் பரவும் சிவப்போ காய்ச்சலோ தென்பட்டால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முகாமிடப் பம்புகளின் கைப்பிடிகளை நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை கழற்றி வைத்துவிடுவார்கள்; மற்ற மாதங்களிலும் நீர்ப் பரிசோதனை தவறினால் பம்பை மூடிவிடுவது உண்டு. எனவே தம்பி கிளம்பும் நாளில் பூங்கா நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, எப்படியும் மூன்று லிட்டர் நீரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, எத்தனையாவது மைலில் தங்கப் போகிறார், எந்நேரம் திரும்புவார் என்பதை ஒரு தாளில் எழுதி அறைத் தோழரிடம் கொடுத்துச் செல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பெரியப்பா