ஆளை எண்ணிச் சாலை போடுங்கள்

நெடுங்காடு நகரம் இல்லை. காரைக்கால் மாவட்டத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளில் ஒன்று, காவிரியின் கடைமடை. ஆனால் நெடுங்காட்டுக்காரருக்கும் குரும்பகரத்துக்காரருக்கும் வடமட்டத்துக்காரருக்கும் பெரிய ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ், கோர்ட், துணிக்கடை எல்லாம் காரைக்கால் டவுனில்தான். டவுனின் போக்குவரத்தை எப்படித் திட்டமிடுகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் இவர்களுடைய காலைப் பொழுது விடிகிறது.

இந்தத் திட்டமிடலைப் பற்றி நம்மிடையே சில நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. டீக்கடையில் அதையே பேசுகிறோம், மனுவிலும் அதையே எழுதுகிறோம். பணம் ஒதுக்குகிறவர்களும் அதையே நம்பி ஒதுக்குகிறார்கள். போகோட்டா முதல் டெல்லி வரை, வளரும் நாடுகளின் நகரங்கள் பட்டறிந்த பாடங்கள் இந்த நம்பிக்கைகளுக்கு நேர் எதிராக இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: போக்குவரத்துத் திட்டம் சென்னை மாதிரி பெருநகரத்துக்குத்தான். நம்ம ஊருக்கு எதற்கு?

உண்மை: 2011 கணக்கெடுப்பின்படி காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 2 லட்சம். அதில் ஏறக்குறைய பாதிப்பேர் நகரவாசிகள். மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 160 சதுர கிலோமீட்டர் அளவுதான். இந்தச் சின்ன வட்டத்துக்குள் ஜிப்மர் கிளை, திருவேட்டக்குடியில் என்.ஐ.டி., துறைமுகம், சனிக்கிழமைதோறும் திருநள்ளாற்றுக் கோயில் கூட்டம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. நெடுங்காட்டுப் பக்கம் செருமாவிலங்கையில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருப்பதால், காலையில் டவுனுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், டவுனிலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

சிறிய ஊராக இருக்கும்போதே திட்டமிடுவதுதான் மலிவு. பேருந்துக்குத் தனிப்பாதை என்றால் உலகமே எடுத்துக்காட்டுவது பிரேசிலின் குரிட்டிபாவை. 1974-இல் அங்கே தனிப்பாதை தொடங்கியபோது அந்த நகரத்தில் பத்து லட்சம் பேர்கூட இல்லை. வீடுகளும் கடைகளும் சாலையை நெருக்குவதற்கு முன்பே பேருந்துக்கு இடம் ஒதுக்கி, அந்தப் பாதையை ஒட்டியே நகரம் வளரும்படி செய்தார்கள். வளர்ந்து முடிந்த பிறகு இடித்து வழி தேடும் நகரங்கள் அதற்குப் பல மடங்கு விலை கொடுக்கின்றன. காரைக்காலுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை; திட்டம் போடச் சரியான நேரம் இதுதான்.

நம்பிக்கை 2: சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீர்ந்துவிடும்.

உண்மை: கொஞ்ச நாளைக்குத் தீரும். பிறகு திரும்ப வரும். அகலமான சாலை கிடைத்ததும் இதுவரை வண்டி எடுக்காதவரும் எடுப்பார். நேரம் தள்ளிப் போனவரும் நெரிசல் நேரத்துக்கே வருவார். பொருளாதார அறிஞர் அந்தோணி டவுன்ஸ் 1962-லேயே இதை ஒரு விதியாக எழுதினார். டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க நகரங்களின் இருபது ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்து 2011-இல் வெளியிட்ட முடிவும் அதுவே: சாலை எந்த விகிதத்தில் கூடுகிறதோ, ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது.

துறைமுக லாரிகளும் தொலைதூர வண்டிகளும் ஊருக்குள் நுழையாமல் போகப் புறவழிச்சாலை வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஊருக்குள் இருக்கும் சாலைக்குக் கேள்வி வேறு: இருக்கும் அகலத்தில் யாருக்கு இடம்? மூன்றரை மீட்டர் அகலமுள்ள ஒரு பாதையில் ஒரு மணி நேரத்தில் கார்களில் ஏறக்குறைய 2,000 பேர் போகலாம். அதே அகலத்தைப் பேருந்துக்குக் கொடுத்தால் 9,000 பேர் போகலாம். சைக்கிளுக்குக் கொடுத்தால் 14,000 பேர். நடப்பவர்களுக்குக் கொடுத்தால் 19,000 பேர். கொலம்பியாவின் போகோட்டா 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் இதே நோக்கில்தான் பெரிய சாலைகளின் நடுப்பாதையைப் பேருந்துகளுக்கு எழுதிவைத்தது. டெல்லி 2008-இல் ஆறு கிலோமீட்டருக்கும் குறைந்த ஒரு துண்டில் அதைச் செய்துபார்த்து, கார்க்காரர்களின் எதிர்ப்புக்குப் பணிந்து 2016-இல் அகற்றியது. அந்தச் சாலையில் போனவர்களில் பெரும்பான்மையோர் பேருந்துப் பயணிகள். அவர்களின் குரல் கேட்கப்படவில்லை.

டெல்டாவில் இன்னொரு கவலையும் சேர்கிறது. மட்டமான இந்த நிலத்தில் வாய்க்காலும் வடிகாலும்தான் உயிர்நாடி. போதிய சிறுபாலங்கள் இல்லாமல் அகலப்படுத்தி உயர்த்திய சாலை, மழைக்காலத்தில் அணைக்கரையாக நின்று ஒரு பக்கத்து வயலையும் தெருவையும் மூழ்கடிக்கும். கடைமடைக்காரர்கள் சாலை கேட்கும்போதே வடிகாலையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நம்பிக்கை 3: இப்போதெல்லாம் யாரிடம் வண்டி இல்லை? பஸ்ஸை நம்பி யார் இருக்கிறார்கள்?

உண்மை: விவசாயமும் வீட்டுத்தொழிலும் தவிர மற்ற வேலை பார்க்கும் சுமார் 20 கோடிப் பேர் எப்படி வேலைக்குப் போகிறார்கள் என்று 2011 கணக்கெடுப்பில் கேட்டார்கள். நூற்றுக்கு 22 பேருக்கு மேல் நடந்து போனார்கள். 13 பேர் சைக்கிளில், 11 பேர் பஸ்ஸில், 12 பேருக்குச் சற்று மேல் மோட்டார் சைக்கிளில். காரிலும் வேனிலும் போனவர்கள் மூன்று பேர்கூட இல்லை. அதற்குப் பிறகு டூவீலர்கள் வெகுவாகப் பெருகிவிட்டன என்பது கண்கூடு. கார் அப்படிப் பெருகவில்லை: 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்விலும் கார் உள்ள குடும்பங்கள் நூற்றுக்கு எட்டு என்ற அளவில்தான் இருந்தன.

வீட்டில் ஒரு வண்டி இருப்பதும் வீட்டில் எல்லாருக்கும் வண்டி இருப்பதும் ஒன்றில்லை. அப்பா வேலைக்கு எடுத்துப்போன பைக், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பாட்டிக்கு உதவாது. கல்லூரிக்குப் போகிற மகளுக்கும் உதவாது. நெடுங்காடு சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. சொந்த நிலம் இல்லாத கூலிக் குடும்பங்கள் நிறைந்த பகுதி. இங்கே டூவீலர் வாங்குவது பல வீடுகளில் கடன் தவணையாக நிற்கிறது. பஸ் ஒழுங்காக வராததால் வாங்கிய வண்டியை வளர்ச்சியின் அடையாளமாகக் கணக்கு எழுதுவது நியாயமாகாது.

உயிர்க் கணக்கும் இருக்கிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். ஏறக்குறைய 20 பேர் நடந்து போனவர்கள். பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டிய பிள்ளைகளை நாம் பைக்கில் ஏற்றிவிட்டு, பிறகு ஹெல்மெட் போடவில்லை என்று கடிந்துகொள்கிறோம்.

நம்பிக்கை 4: பஸ் நஷ்டத்தில் ஓடுகிறது. கூட்டம் இல்லாத டிரிப்பை நிறுத்துவதே புத்திசாலித்தனம்.

உண்மை: ஒரு டிரிப்பை நிறுத்தினால் அடுத்த டிரிப்புக்குக் காத்திருக்கும் நேரம் இரட்டிப்பாகிறது. காத்திருக்க முடியாதவர் ஷேர் ஆட்டோவுக்கோ பைக்குக்கோ போய்விடுகிறார். அடுத்த மாதம் அந்த டிரிப்பிலும் கூட்டம் குறைகிறது; அதையும் நிறுத்துகிறார்கள். பல ஊர்களில் பேருந்து இப்படித்தான் தேய்ந்தது. கடைசி பஸ்ஸைக் கூட்டத்தை வைத்து எடைபோடுவது இன்னும் தவறு. இரவு எட்டரைக்கு ஒரு பஸ் உண்டு என்ற நம்பிக்கையில்தான் ஒரு பெண் டவுனில் ஏழரை வரை வேலை பார்க்கும் கடையில் சேர்கிறாள். அந்த பஸ் நின்றால் அவள் காலையில் வந்த பஸ்ஸிலும் வரமாட்டாள்.

எதை நஷ்டம் என்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். தார்ச்சாலை எவ்வளவு வசூல் செய்தது என்று யாரும் கேட்பதில்லை, அது பொதுச்சேவை. பேருந்தும் அப்படித்தான். பக்கத்தில் இருக்கும் தமிழ்நாட்டில் 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் இருக்கிறது. இதனால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 800 ரூபாய்க்கு மேல் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. கூலிக்குப் போகும் வீட்டில் அந்தப் பணம் மளிகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போகிறது. போக்குவரத்துக் கழகத்தின் வரவு செலவில் செலவாகத் தெரிவது, குடும்பத்தின் கணக்கில் வருமானமாக வந்து சேர்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மையான கணக்கு.

உள்கிராமங்களுக்குப் பெரிய பஸ் கட்டுப்படியாகாது என்றால் மினி பஸ் இருக்கிறது. தமிழ்நாடு 1997-லேயே மினி பஸ்களை ஓடவிட்டது. 2025 ஜூனில் தஞ்சாவூரில் அதன் புதிய திட்டம் தொடங்கியது. மேலகாசாக்குடி போன்ற ஊர்களுக்கு ஏற்ற வண்டி அதுதான்.

நம்பிக்கை 5: பஸ் விடுவது புதுச்சேரி அரசின் வேலை. எல்லைக்கு அந்தப் பக்கம் நமக்கு என்ன?

உண்மை: காரைக்காலின் சிக்கலே இங்கேதான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லைக்கோடு அது. கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாட்டின் மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள். தலைநகரமான புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். எந்தச் சாலையில் போனாலும் சில கிலோமீட்டரில் இன்னொரு அரசின் எல்லைக்குள் நுழைந்துவிடுவோம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 88-வது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் கொடுத்த பர்மிட்டை அடுத்த மாநிலத்து அதிகாரி மேலொப்பமிட்டு ஏற்றால்தான் அங்கே செல்லும். எத்தனை வண்டி, எந்த வழி, எத்தனை நடை என்பதை இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு முடிவு செய்கின்றன. ஆகவே மக்களின் தேவை மாறினாலும் வழித்தடம் சுலபத்தில் மாறுவதில்லை. மயிலாடுதுறைக்கு ரயிலேறப் போகிறவருக்கும், திருநள்ளாற்றுக்கு வருகிற நன்னிலத்துக்காரருக்கும் எல்லை ஒரு பொருட்டே இல்லை. அவர்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸுக்கு மட்டும் அது ஒரு மதிலாக இருக்கிறது.

சென்னையில் பஸ், ரயில், சாலை எல்லாவற்றையும் ஒன்றாகத் திட்டமிட 2010-இல் சட்டம் இயற்றி ஓர் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்தை உருவாக்கினார்கள். அத்தனை பெரியது இங்கே தேவையில்லை. காரைக்காலும் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களும் ஆண்டுக்கு இரண்டு முறை ஒரே மேஜையில் அமர்ந்து, பர்மிட்டையும் கால அட்டவணையையும் சேர்த்துப் பேச ஒரு நிலையான குழு போதும். இதை அரசியல் கட்சிகளின் வாக்குறுதிப் பட்டியலில் நாம்தான் ஏற்ற வேண்டும்.

நம்பிக்கை 6: ரயில் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: காரைக்காலுக்கு ரயில் புதிதில்லை. பேரளம்–காரைக்கால் பாதை பிரெஞ்சு ஆட்சியில் 1898-இல் திறக்கப்பட்டது. 1980-களில் நிறுத்தப்பட்டு, தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. நாகூர் வழியாக 2011-இல் ரயில் திரும்பவும் காரைக்காலைத் தொட்டது. அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகச் செல்லும் 23 கிலோமீட்டர் பேரளம் பாதையும் அகலப்பாதையாகப் புதிதாகப் போடப்பட்டு, 2025-இல் சோதனை ஓட்டம் கண்டது. இரண்டு தலைமுறையாகக் கேட்டுப் பெற்ற பாதை இது, மகிழ்ச்சிக்குரியதே.

ஆனால் ஸ்டேஷன் வரை போய்ச் சேர வழி இல்லாத ரயிலால் பயன் இல்லை. சென்னையின் பறக்கும் ரயில் 1990-களிலிருந்து ஓடுகிறது. பல நிலையங்களிலிருந்து இறங்கி பஸ் பிடிப்பதே பெரும்பாடாக இருந்ததால், எதிர்பார்த்த கூட்டத்தில் ஒரு பங்குதான் அதில் ஏறியது. நெடுங்காட்டுக்காரருக்கு ரயில் பயன்பட வேண்டுமானால், ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் நெடுங்காடு பஸ் நிற்க வேண்டும். அதற்குக் கோடிகள் வேண்டாம். ரயில்வேயும் போக்குவரத்துத் துறையும் அட்டவணையைக் கலந்து பேசினால் போதும்.

நம்பிக்கை 7: நடைபாதை ஆடம்பரம். போட்டாலும் கடைக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

உண்மை: பஸ்ஸில் வருகிற ஒவ்வொருவரும் இறங்கியதும் நடக்கத்தான் வேண்டும். தடையில்லாத நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறை சொல்கிறது. சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019-இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வந்தது. பூ விற்பவரும் பழம் விற்பவரும் நடப்பவர்களுக்குப் பகைவர்கள் இல்லை. அவர்களுக்கு இடம் குறித்துத் தர வேண்டிய கடமையை 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் உள்ளாட்சிக்கு விதித்திருக்கிறது. இடம் குறிக்காமல் விட்டுவிட்டு ஆக்கிரமிப்பு என்று விரட்டுவது சட்டத்துக்கே முரண்.

2006-இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையின் அடிப்படை, வண்டிகளின் ஓட்டத்தைவிட மக்களின் பயணமே முக்கியம் என்பதுதான். கொள்கை டெல்லியில் இருக்கிறது. அதை இங்கே கேட்டுப் பெற வேண்டியது நம் பொறுப்பு. அடுத்த முறை கொம்யூன் பஞ்சாயத்துக்கோ சட்டமன்ற உறுப்பினருக்கோ மனு எழுதும்போது நான்கு கோரிக்கைகளை எழுதுங்கள். எத்தனை வண்டி போகிறது என்ற கணக்கோடு, எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை பேர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்றும் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நேரத்தை எழுதிவைக்கச் சொல்லுங்கள். கடைசி பஸ் எதுவாயினும் நிறுத்தக்கூடாது என்று உறுதி கேளுங்கள். இரு அரசுகளும் சேர்ந்து உட்காரும் குழுவைக் கேளுங்கள். இவை நான்குக்கும் பெரிய செலவு ஆகாது. பயன் பெறுபவர்களோ, இதுவரை யாரும் எண்ணிப் பார்க்காத பெரும்பான்மை.