அறுந்த செட்டை மீண்டும் வளர்வது எப்படி?

ஜிந்துப்பிட்டியில் வாடகை அறையொன்றில் வசிக்கும் வன்னிக் குடும்பமொன்றைச் சந்திக்கச் சென்றிருந்தோம். அங்கே ஒரு கண்ணாடித் தொட்டியில் சில மீன்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றின் வாற்செட்டையை மற்றொன்று கடித்துக் கிழித்திருந்தது. சில வாரங்களின் பின் மீண்டும் சென்றபோது அந்தச் செட்டை வளர்ந்திருந்தது. வீட்டுச் சிறுமி எம்மிடம் கேட்டாள்: "அப்பாவின்ர காலும் இப்பிடி வளருமோ பாதர்?" மிதிவெடியில் கால் இழந்த தகப்பன் அருகிலேயே இருந்தார்.

இக்கேள்விக்கு நேர்மையாகப் பதில் கூற, மீனின் உடலில் நடப்பதை நாம் முதலில் அறிய வேண்டும்.

செட்டையின் அமைப்பு

ஓலை விசிறியின் ஈர்க்குகளைப் போல, செட்டையைத் தாங்கி நிற்பவை எலும்புக் கதிர்கள். ஒவ்வொரு கதிரும் சிறு துண்டுகள் தொடுத்தாற் போன்றது. அதன் உள்ளே நரம்பும் இரத்தக்குழாய்களும் செல்கின்றன. செட்டை மீண்டும் வளர்வதைப் பிரெஞ்சு நாட்டவரான புரூசோனே 1786இலேயே எழுதினார். இன்று இவ்வாய்வுக்குப் பெரிதும் பயன்படுவது கங்கைச் சமவெளியைச் சேர்ந்த சிறிய வரிமீன் ஆகும். இதன் உறவினங்கள் எமது நாட்டு ஓடைகளிலும் உண்டு.

கலங்கள் செய்யும் வேலை

முதலாவது, காயம் மூடப்படுகிறது. சுற்றியுள்ள தோற் கலங்கள் நகர்ந்து வந்து ஏறத்தாழ ஒரு நாளுக்குள் வெட்டுவாயை மூடுகின்றன. அங்கே நிலையான தழும்பு உண்டாவதில்லை.

இரண்டாவது, எஞ்சிய அடிப்பகுதியிலுள்ள எலும்பாக்கும் கலங்களும் இணைப்பிழையக் கலங்களும் தமது வழமையான தொழிலை விட்டு, இளநிலைக்குத் திரும்புகின்றன. அவை வெட்டுவாயை நோக்கி நகர்ந்து, பெருகி, ஒவ்வொரு கதிரின் நுனியிலும் ஒரு மொட்டுப் போலத் திரள்கின்றன.

மூன்றாவது, அவை புதிய செட்டையைக் கட்டுகின்றன. இளநிலைக்குத் திரும்பினாலும் கலங்கள் தமது இனத்தை மறப்பதில்லை. எலும்பிலிருந்து வந்தவை எலும்பையே ஆக்குகின்றன. தோலிலிருந்து வந்தவை தோலையே ஆக்குகின்றன. 2011இல் வெளியான ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின.

நான்காவது, உரிய அளவில் வளர்ச்சி நிற்கிறது. அடியோடு ஒட்டி வெட்டினால் வளர்ச்சி வேகமாகவும், நுனியில் வெட்டினால் மெதுவாகவும் நடக்கிறது. எவ்வளவு இழந்தோம் என்பதைக் கலங்கள் அறிந்திருக்கின்றன. வரிமீனில் முழு வேலையும் இரண்டு மூன்று வாரங்களில் முடிகிறது. ஒரே செட்டையை 27 தடவை வெட்டியும் அது குறையின்றி வளர்ந்ததென 2011இல் இன்னோர் ஆய்வு கூறியது.

ஆனால் ஓர் எல்லை உண்டு. செட்டையின் அடிப்பகுதியே முற்றாக நீக்கப்பட்டால் அது பொதுவாக வளர்வதில்லை. புதியது எஞ்சியதிலிருந்தே வருகிறது.

மனிதரின் நிலை

எமது உடலிலும் தோல் புதுப்பிக்கப்படுகிறது. ஈரலின் ஒரு பகுதியை வெட்டினாலும் அது மீண்டும் பெருக்கிறது. நகத்தின் அடி எஞ்சியிருந்தால் சிறு பிள்ளைகளின் விரல் நுனி வளர்வதும் உண்டு. ஆனால் காலை இழந்த இடத்தில் எமது உடல் தழும்பிட்டு மூடிவிடுகிறது, மொட்டுத் திரள்வதில்லை. ஆகவே சிறுமிக்கு, "இல்லை மகள், கால் வளராது" என்றே சொன்னோம். கால் வளரச் செய்வதாகக் கூறி மருந்து விற்போரிடம் பணத்தை இழக்காதீர்கள். செயற்கைக் கால் பொருத்தி நடக்கலாம், வயலிலும் இறங்கலாம். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் பலருக்கு அவ்வாறு உதவியுள்ளது.

மீன் வளர்ப்போருக்கு: செட்டை கிழிந்த மீனை உடனே கொட்டிவிட வேண்டாம். அதை வேறாக்கி, நீரின் ஒரு பகுதியை அடிக்கடி மாற்றுங்கள். காயம் அழுகாதிருந்தால் செட்டை தானாகவே வளரும்.

கலந்துரையாடுவோம்

1. மீனின் காயம் மூடுவதற்கும் எமது காயம் மூடுவதற்கும் உள்ள வேறுபாடு என்ன?
2. மீண்டும் வளர்வதற்கு எது எஞ்சியிருக்க வேண்டும்?
3. ஊரையும் வயலையும் இழந்த எம்மிடம் இன்று எஞ்சியிருப்பவை எவை? அவற்றிலிருந்து எதை வளர்க்கலாம்?